படம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள்

கேள்வி:
போன மாதம் குடிப்பழக்கம் பற்றி ஒரு படம் திரையிட்டோம். 40 பேர் வந்தார்கள். விளக்கைப் போட்டு "யாராவது பேசுங்கள்" என்றேன். செருப்பைத் தேடுகிற சத்தம்தான் கேட்டது. என் அண்ணனும் குடித்தவர்தான். நானே வாய் திறக்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
இரண்டரை மணி நேரப் படமா? களைத்துப்போவார்கள். 20 நிமிடக் குறும்படம் போதும். அப்புறம், "உங்கள் அனுபவம்?" என்று கேட்காதீர்கள். "அந்த அம்மா ஏன் பாட்டிலை ஒளித்தாள்?" என்று கேளுங்கள். கதாபாத்திரத்தைச் சாக்காக வைத்துத் தங்கள் கதையைச் சொல்வார்கள்.

பதில் 2:
நான் குடியை விட்டு 6 வருஷம். கிளாஸில் ஊற்றுகிற காட்சி வந்தால் இன்னும் நாக்கு வறளும். அப்படிக் காட்சி உண்டென்று முன்பே சொல்லிவிடுங்கள். எழுந்து போகிறவருக்குத் துணையாக வெளியே ஒருவர் இருக்கட்டும்.
இன்னொன்று. சினிமாவில் கதாநாயகன் ஒரே ராத்திரியில் குடியை விடுவார். பல வருஷம் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். இதைச் சொல்ல ஒரு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பதில் 3:
குடும்பத்தாரை மறக்காதீர்கள். குடிப்பவர்களின் வீட்டாருக்கென்றே அல்-அனான் என்ற ஆதரவுக் குழு 1951-லேயே தொடங்கியது. அவர்களுக்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள்.

கேட்டவர்:
சரி, அடுத்த முறை அண்ணன் கதையை நானே முதலில் சொல்கிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான்.