எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போகலாமா? மலை ஏறி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அக்டோபரில் நானும் தங்கையும் 5,364 மீட்டர் வரை நடக்கத் திட்டம். அவளுக்கு இதுதான் முதல் மலை. ஆனால் என் கவலை என்னைப் பற்றித்தான்.

மூன்று வருஷம் முன்பு 3,900 மீட்டரில் ராத்திரி மண்டை பிளக்கிற வலி, இரண்டு முறை வாந்தி. ஷூ லேஸ் கட்டக் குனிந்தாலே கண் இருட்டியது. காலையில் கீழே இறங்கியதும் சரியாகிவிட்டது. இந்த உயர நோய் (உயரத்தில் ஆக்சிஜன் குறைவால் வருவது) ஒருமுறை வந்தவருக்குத் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். தினமும் ஓடுகிறேன், ஆனால் உடல் தகுதி இதற்குக் காப்பு இல்லையாமே.

3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்குள் ஏற வேண்டும், மூன்று நான்கு நாளுக்கு ஒரு ஓய்வு என்பது தெரியும். எங்கள் திட்டத்தில் நாம்சேயில் (3,440) மட்டும்தான் ஓய்வு. டிங்போச்சேயில் (4,410) இல்லை. அங்கே ஒரு நாள் கூட்டியவர்களுக்கு வித்தியாசம் தெரிந்ததா?

இன்னொன்று: எனக்கு சல்ஃபா மருந்து ஒவ்வாமை உண்டு. உயர நோயைத் தடுக்கத் தரும் அசிட்டசோலமைடு மாத்திரையும் சல்ஃபாவோடு தொடர்புடையது என்பதால், அது பற்றி டாக்டரைப் பார்க்கப் போகிறேன். இதே ஒவ்வாமையோடு மலை ஏறியவர்கள் இருந்தால், டாக்டரிடம் என்னென்ன கேட்டீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.