பறவை மீட்பு அறை: எங்கள் மூவருக்கும் ஏற்ற மாதிரி எப்படி அமைப்பது?

மதுரைக்காரி:
வணக்கம். போலியோவால் எனக்குச் சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். அடிபட்ட பறவைகளைப் பராமரிக்கும் ஓரிடத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். உள்ளே போக மூன்று படி. "நீங்க இங்கேயே உட்கார்ந்து போன் எடுங்கம்மா" என்று வாசலோடு நிறுத்திவிட்டார்கள். ரசீது எழுதியதுதான் மிச்சம், ஒரு மைனாவைக்கூடத் தொட்டதில்லை. இப்போது பார்வையற்ற தோழி, காது கேளாத தம்பி, நான் மூவரும் எங்கள் வீட்டுத் தரைத்தள அறையில் சின்னதாக ஆரம்பிக்கப்போகிறோம். கால்நடை மருத்துவர் ஒருவர் உதவுகிறேன் என்றிருக்கிறார். அறையை எப்படி அமைப்பது? யாருக்கு என்ன வேலை?

ஒத்தைக்கை:
எனக்கு ஒரு கைதான், பல வருஷமாக இதே வேலை. பறவையைத் தொட்டுச் சோதிக்கும் வேலையை முதலில் தோழியிடம் கொடுங்கள். பட்டினி கிடந்த பறவையும் சிறகை உப்பிக்கொண்டு கொழுகொழுவென்றுதான் தெரியும். நெஞ்சு நடுவில் ஓடும் எலும்பை விரலால் தடவிப் பார்க்கணும். இருபுறமும் சதை இருந்தால் சரி, கத்தி முனை மாதிரித் தட்டுப்பட்டால் பல நாள் பட்டினி. குஞ்சுக்குக் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை நிரம்பியதா என்பதையும் விரலே சொல்லிவிடும். எடைக்குப் பேசும் தராசு இருக்கிறது. பிடிக்கும்போது நெஞ்சை மட்டும் அழுத்தக் கூடாது. பறவைக்கு உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு.

தம்பிக்குக் குஞ்சுகள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஏறக்குறைய அரைமணிக்கு ஒரு தரம் ஊட்டணும், அதிரும் கைக்கடிகாரம் போதும். காது கேட்கிறவர்கள் கத்துகிற குஞ்சுக்கே ஊட்டிவிட்டு, ஓரமாகச் சுருண்டு கிடப்பதை மறந்துவிடுவார்கள். இது நான் தினம் பார்ப்பது.

உங்களுக்கு: கூண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். மேஜை உயரத்தில் ஒரே வரிசை, கீழே முழங்கால் நுழைய இடம், நாற்காலி திரும்ப 5 அடி. வாசலில் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சாய்தளம். பறந்து பழகும் பெரிய கூண்டுக்கு இரட்டைக் கதவு போடுவீர்கள் அல்லவா, இரண்டுக்கும் நடுவே நாற்காலி முழுசாக அடங்கணும். இல்லையென்றால் ஒன்றை மூடுமுன் மற்றதைத் திறப்பீர்கள், அப்புறம் பறவை தென்னை மரத்தில்தான்.

கூகை, பருந்து வந்தால் நகம் பொல்லாதது. துண்டு போர்த்தி இருவராகப் பிடியுங்கள். நானும் அப்படித்தான்.

சட்டம்பிள்ளை:
அறையெல்லாம் சரி, அனுமதி? மைனா, கிளி எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தெரிவிக்கணும். கூண்டு வாங்குமுன் வனச்சரக அலுவலகத்தில் பேசுங்கள்.

மதுரைக்காரி:
இரண்டு பேருக்கும் நன்றி. திங்கட்கிழமையே வனச்சரக அலுவலகம் போகிறோம். மயங்கிக் கிடக்கும் குஞ்சுக்குச் சங்கில் தண்ணீர் புகட்டலாமா?

ஒத்தைக்கை:
கூடவே கூடாது. நாக்கு தொடங்கும் இடத்திலேயே மூச்சுக்குழல் வாய் இருக்கிறது, நேரே நுரையீரலுக்குப் போய்விடும். பாலும் வேண்டாம். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, போன் வேலையை வெறுத்து ஒதுக்கிவிடாதீர்கள், முறை வைத்துப் பாருங்கள். சிறகு முளைத்துத் தத்தித் திரியும் குஞ்சைத் தாய் பக்கத்திலிருக்கும்போதே தூக்கி வந்துவிடுவார்கள். போட்டோ அனுப்பச் சொல்லுங்கள், தம்பியும் பதில் போடலாம். பாதிப் பேரிடம் எடுத்த இடத்திலேயே விடச் சொல்லலாம்.