வாட்கின்ஸ் கிளென்: முட்டி வலி உள்ள அம்மாவை அழைத்துப் போகலாமா?

கேள்வி
நியூ ஜெர்சியில் இருக்கிறோம். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார், 66 வயது, முட்டி வலி உண்டு. அக்டோபர் நடுவில், இலைகள் நிறம் மாறும் நேரத்தில், நியூயார்க் மாநிலத்தில், பாறை இடுக்குக்குள் ஓடை அருவி அருவியாக விழும் வாட்கின்ஸ் கிளென் ஸ்டேட் பார்க் போக ஆசை. முன்பு நண்பர்களோடு போனபோது அந்தப் பாறை இடுக்குக்குள் நடந்துகொண்டே, அம்மா இதைப் பார்த்தால் எப்படிப் பூரித்துப்போவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் 800 படிக்கு மேல் இருக்கிறதே. மேல் வாசலில் ஆரம்பித்து இறங்க மட்டும் செய்தால் சமாளிப்பாரா? எட்டு வயதுப் பையனும் வருகிறான்.

பதில் 1
நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஒன்றரை மைல்தான், 19 அருவி, மூச்சு வாங்காது. இரண்டு கார் இருந்தால் ஒன்றைக் கீழ் வாசலில் விட்டுவிடுங்கள். நவம்பர் தொடக்கத்தில் பள்ளத்தாக்குப் பாதையை மூடிவிடுவார்கள், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

பதில் 2
தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மூச்சுக்கு இறக்கம் சுகம், முட்டிக்கு இறக்கம்தான் எதிரி. மேல் வாசலில் ஆரம்பித்தால் எடுத்த எடுப்பிலேயே 'ஜேக்கப்ஸ் லேடர்', 180 படி. என் மாமியார் அதில் இறங்கியே களைத்துவிட்டார், அப்புறம் முழு வழியும் ஈரக் கல், கையைப் பிடித்துப் பிடித்துக் கூட்டி வந்தோம், அருவி எதையும் அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அது இன்னும் எனக்கு வருத்தம்.

அம்மாவுக்கு டகானக் அருவிதான் சரி. இத்தாக்கா ஊர்ப் பக்கம், வாட்கின்ஸிலிருந்து காரில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். 215 அடி, நயாகராவைவிட உயரம். அடிவாரம் வரை முக்கால் மைல், அகலமான சமதளப் பாதை. அதுவும் முடியாவிட்டால் மேலே பார்வைத்தளம் இருக்கிறது, கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலேயே.

பதில் 3
இரண்டாவது பதிலோடு ஒத்துப்போகிறேன், ஆனால் பையனை வாட்கின்ஸுக்குக் கட்டாயம் கூட்டிப் போங்கள். கீழ் வாசலில் நுழைந்து கொஞ்ச தூரத்திலேயே 'கேவர்ன் கேஸ்கேட்' அருவி, தண்ணீருக்குப் பின்னால் புகுந்து நடக்கலாம். அங்கே பாறை அடுக்குகளைக் காட்டுங்கள்: களிப்பாறை சீக்கிரம் கரையும், மணற்பாறை தாக்குப்பிடிக்கும், அதனால்தான் ஓடை படிப்படியாக விழுகிறது. 1935 வெள்ளம் பழைய பாதையைச் சிதைத்த பிறகுதான் இப்போதுள்ள கல் பாதையைக் கட்டினார்கள், பாறையோடு பாறையாக இருக்கும், கைவேலை கண்ணை விட்டு அகலாது. நல்ல பிடிமானமுள்ள ஷூ போடுங்கள்.

கேட்டவர்
மிக்க நன்றி. இறக்கம் எளிது என்றே நம்பியிருந்தேன். சனிக்கிழமை அம்மாவோடு டகானக், ஞாயிறு காலை நானும் பையனும் வாட்கின்ஸ். அந்த நேரம் அம்மாவும் மனைவியும் பக்கத்திலுள்ள செனெகா ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கட்டும், அவருக்குத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பதே பிடிக்கும்.