மூடிய பள்ளிக் கட்டடத்தை ஸ்கூல் போர்டு விற்கிறது, எதிர்க்க முடியுமா? (நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் வேலூர்க்காரர்களுக்கு)

கேள்வி – காட்பாடி

அண்ணன்மாரே, அக்காமாரே, நாங்க நியூயார்க் மாநிலத்துக்குப் புதுசா குடிவந்திருக்கோம். சிட்டிக்கு வெளியே. தெருவுல மூடிக் கிடந்த அரசுப் பள்ளியை ஸ்கூல் போர்டு ஒரு தனியாருக்கு விக்கறதா தீர்மானம் போட்டுடுச்சு. விலை ரொம்பக் கம்மின்னு அக்கம்பக்கத்துல பேசிக்கிறாங்க. ஹெச்-1பி விசாவுல இருக்கிறவங்க எதிர்த்து மனு கொடுக்கலாமா? ஊர்ல அப்பா "மேலதிகாரிக்கு ஒரு மனு போட்டு வை"ன்றார். யாருக்குப் போடறது?

பதில் – குடியாத்தம்

தம்பி, முதலில் தீர்மானம் நிறைவேறிய தேதியைக் கண்டுபிடித்துக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த நாளிலிருந்து 30 நாள்தான் உங்கள் கையில் இருக்கிறது.

சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்துப் பழகியவர்கள் நாம். இந்த வாரம் நடக்கவில்லை என்றால் அடுத்த வாரம் இன்னொன்று கொடுக்கலாம். இங்கே 31-ஆம் நாள் போகும் மனுவை உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே தள்ளிவிடலாம். "சட்டம் தெரியாது" என்பது தாமதத்துக்குக் காரணமாக நிற்காது. "மறுபடி யோசியுங்கள்" என்று போர்டுக்குக் கடிதம் எழுதி பதிலுக்குக் காத்திருந்தாலும் அந்த நாள்கள் கணக்கில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நிறைய பேர் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள். போர்டு கூட்டத்தில் நாகரிகமாகப் பேசி, கையெழுத்து வாங்கிக் கொடுத்து முடிப்பதற்குள் 30 நாள் போய்விடுகிறது.

போக வேண்டிய இடம் ஆல்பனியில் இருக்கும் மாநிலக் கல்வி ஆணையர். கல்விச் சட்டம் 310-ஆம் பிரிவின்படி, போர்டு முடிவால் பாதிக்கப்பட்டதாகக் கருதும் எவரும் அவரிடம் மேல்முறையீடு செய்யலாம். குடியுரிமை கேட்பதில்லை. அந்தப் பள்ளி மாவட்டத்துக்குள், அதாவது அந்த ஸ்கூல் போர்டின் கீழ் வரும் பகுதிக்குள், நீங்கள் குடியிருக்க வேண்டும். வாடகை வீடு என்றால், ஸ்கூல் டாக்ஸ் பில் தன் பேரில் வரும் சொந்த வீட்டுக்காரர் ஒருவரையும் மனுதாரராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். "இவருக்கு என்ன உரிமை" என்ற ஆட்சேபம் அடிபட்டுப் போகும். பள்ளி மாவட்டம் நடத்தும் வாக்கெடுப்பு வேறு விஷயம், அதில் ஓட்டுப் போட அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும்.

சங்கத்தின் பேரில் போடாதீர்கள். முறையாகப் பதிவு செய்யாத சங்கத்துக்கு 310-இல் மனு போடும் தகுதியே கிடையாது. தனி ஆட்களாகப் பேர் போட்டுப் போங்கள்.

இனி எதை வைத்து வாதாடுவது. "எங்கள் பிள்ளைகள் ஓடி விளையாடிய இடம்" என்பது உண்மையான வலிதான். ஆனால் அதை வைத்து மட்டும் தீர்மானத்தை உடைக்க முடியாது. போர்டுக்குச் சட்டம் வைத்திருக்கும் கடமை, அந்தச் சொத்துக்குச் சட்டப்படி கிடைக்கக்கூடிய நல்ல விலையை, அல்லது மக்களுக்கு அதிகப் பயன் தரும் உபயோகத்தைத் தேடிப் பெறுவது. அதைத் தேடினார்களா என்பதுதான் உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும். வெளிப்படையாக விளம்பரம் செய்தார்களா? வேறு யார் எவ்வளவு கேட்டார்கள்? விலை மதிப்பீடு எத்தனை, எந்தத் தேதியில்? மதிப்பீட்டைப் படித்துப் பார்க்க உறுப்பினர்களுக்கு நேரம் கொடுத்தார்களா, இல்லை அன்று இரவே கை தூக்கினார்களா?

ராக்லேண்ட் கவுண்டியில் ஈஸ்ட் ரமாப்போ பள்ளி மாவட்டம், மூடிய ஹில்க்ரெஸ்ட் தொடக்கப் பள்ளியைச் சுமார் 32 லட்சம் டாலருக்கு விற்க 2010-இல் ஒப்புதல் தந்தது. ஊர்க்காரர்கள் ஆணையரிடம் போனார்கள். அப்போது ஆணையராக இருந்த டேவிட் ஸ்டைனர் விற்பனையை முதலில் நிறுத்திவைத்தார், 2011-இல் ரத்தே செய்தார். போர்டு அவசரப்பட்டு ஒப்புதல் தந்துவிட்டது என்பதுதான் அங்கே எடுபட்ட வாதம்.

உங்கள் பள்ளி மாவட்டத்தின் முழுப் பேரையும் பாருங்கள், அது எந்த வகை என்பது அதில் தெரியும். யூனியன் ஃப்ரீ என்று இருந்தால் பள்ளி நிலத்தை விற்க வாக்காளர் ஒப்புதல் வேண்டும் (கல்விச் சட்டம் 1709-ஆம் பிரிவு, 11-ஆம் உட்பிரிவு). அது நடக்கவில்லை என்றால் உங்கள் முதல் வாதமே அதுதான். சென்ட்ரல், சிட்டி என்று இருந்தால் அந்த வகைக்கு உரிய பிரிவைத் தனியாகப் பார்க்க வேண்டும். யூனியன் ஃப்ரீக்கான விதியை எடுத்து அப்படியே ஒட்டாதீர்கள்.

பதில் – ஆற்காடு

மதிப்பீட்டைப் பற்றி நான் சொல்கிறேன். பத்திரம் பதிந்த அனுபவம் இருப்பவர்களுக்கு வழிகாட்டி மதிப்பும் சந்தை விலையும் வேறு வேறு என்பது தெரியும். இங்கே டவுன் போட்டிருக்கும் அசெஸ்மென்ட் தொகையைக் காட்டி "பாருங்கள், இதைவிடக் குறைவாக விற்கிறார்கள்" என்று எழுதுபவர்கள் உண்டு. அது வரிக்காகப் போட்ட கணக்கு. விற்பனை விலையை அசைக்க, உரிமம் பெற்ற அப்ரைசரின், அதாவது சொத்து மதிப்பீட்டாளரின், மதிப்பீடு வேண்டும். அவரிடம் 'சர்ட்டிஃபைட் ஜெனரல்' உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். 'சர்ட்டிஃபைட் ரெசிடென்ஷியல்' உரிமம் நான்கு குடும்பம் வரை வசிக்கும் வீடுகளுக்குத்தான். பள்ளிக் கட்டடத்துக்குச் செல்லாது. முழு மதிப்பீட்டுக்குச் செலவு அதிகம். நேரமும் பணமும் இல்லையென்றால், போர்டின் மதிப்பீட்டில் என்ன ஓட்டை என்று ஒரு அப்ரைசர் சத்தியப் பிரமாணமாக எழுதித் தந்தாலும் பலன் உண்டு.

போர்டின் மதிப்பீடு கைக்கு வந்தால் கடைசிப் பக்கத்துத் தொகைக்கு ஓடாதீர்கள். முதலில் 'எந்தத் தேதி நிலவரப்படி' என்பதைப் பாருங்கள். விற்கிற தேதிக்கும் அதற்கும் நடுவில் நீண்ட இடைவெளி இருந்தால் அதுவே ஒரு வாதம். அடுத்து, அந்த நிலத்துக்கு மிக லாபமான உபயோகம் எது என்று எழுதியிருக்கும் பகுதி. மனைகளாகப் பிரித்து வீடு கட்ட மண்டல விதி இடம் கொடுத்தும், பழைய பள்ளிக் கட்டடமாக மட்டுமே மதிப்பிட்டிருந்தால் விலை அங்கேதான் விழுந்திருக்கும். பிறகு விலையிலிருந்து கழித்த தொகைகள். ஆஸ்பெஸ்டாஸ் அகற்ற இவ்வளவு, இடிக்க இவ்வளவு என்று கழித்திருப்பார்கள். அதற்குக் கான்ட்ராக்டர் கொடுத்த எஸ்டிமேட் பின்னிணைப்பில் இருக்கிறதா? ஒப்பிட எடுத்த சொத்துகள் எந்த ஊரில், எந்த வருடம் விற்றவை?

இதையெல்லாம் பெற ஃபாயில், அதாவது நம்ம ஊர் ஆர்டிஐ மாதிரியான சட்டம். 5 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும், மறுத்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு. ஆனால் ஒப்பந்தம் முடியாத நிலையில் "வெளியிட்டால் பேரம் கெடும்" என்று மதிப்பீட்டைத் தராமல் வைக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அதனால் ஃபாயில் பதிலுக்காக 310 மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். தீர்மானத்தின் நகலும் கூட்டக் குறிப்பும் உடனே கேட்டு வாங்குங்கள்; பொதுக் கூட்டத்தின் குறிப்பு இரண்டு வாரத்துக்குள் கிடைக்க வேண்டும்.

பதில் – குடியாத்தம்

மனு தயாரிப்பது இப்படி. டைப் செய்து, எண் போட்ட பத்திகளாக: நீங்கள் யார், எங்கே குடியிருக்கிறீர்கள், எந்தத் தேதியில் என்ன தீர்மானம், அது ஏன் தவறு, என்ன உத்தரவு வேண்டும். கல்வித் துறையின் சட்ட அலுவலக இணையப் பக்கத்தில் மாதிரிப் படிவம் இருக்கிறது. இருபக்கச் சான்றுகளும் முடிந்த பிறகு புதிய குற்றச்சாட்டு சேர்க்க முடியாது. போர்டு 20 நாளில் பதில் தரும், அதற்கு நீங்கள் 10 நாளில் மறுமொழி தரலாம், ஆனால் மறுமொழியில் புது விஷயம் எடுபடாது. ஆகவே எல்லாம் முதல் மனுவிலேயே இருக்கட்டும்.

நான்கு இடங்களில் மனு அடிபடும்.

ஒன்று, உறுதிமொழிப் பக்கம். மனுதாரரில் ஒருவராவது நோட்டரி முன் சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும். உங்கள் பேங்க் கிளையில் கேட்டாலே பெரும்பாலும் நோட்டரி இருப்பார்.

இரண்டு, முன்னால் வைக்கும் நோட்டீஸ். அதன் வாசகம் ஆணையரின் விதியிலேயே (275.11) தரப்பட்டிருக்கிறது. சொந்த நடையில் எழுதாமல் அப்படியே எடுத்துப் போடுங்கள். ஸ்டே, அதாவது முடிவு வரும்வரை விற்பனையை நிறுத்திவைக்கும் உத்தரவு, கேட்டால் கடைசியில் அதற்கான கூடுதல் பத்தியும் வேண்டும்.

மூன்று, வாங்குபவர். போர்டை மட்டும் எதிர்மனுதாரராகப் போட்டு, கட்டடம் வாங்குபவரை விட்டுவிட்டால் மனு தள்ளுபடி. விற்பனை ரத்தானால் இழப்பு அவருக்கு. அவரைக் கேட்காமல் ஆணையர் உத்தரவு போட மாட்டார். தீர்மானத்தில் இருக்கும் நிறுவனப் பேரை எழுத்துப் பிசகாமல் எடுங்கள்.

நான்கு, சார்வு, அதாவது மனு நகலை எதிர்த்தரப்பு கையில் சேர்ப்பது. தபாலிலோ ஈமெயிலிலோ அனுப்பினால் ஆகாது. மனுதாரர் அல்லாத, 18 வயது நிரம்பிய ஒருவர் நேரில் கொடுக்க வேண்டும். பள்ளி மாவட்டத்துக்கு என்றால் டிஸ்ட்ரிக்ட் கிளார்க், சூப்பரின்டென்டென்ட் அல்லது போர்டு உறுப்பினர் கையில். வரவேற்பு மேஜையில் வைத்துவிட்டு வந்தால் சிக்கல். 30 நாள் கணக்கு இந்தச் சார்வு நாளோடுதான் முடிகிறது. அதற்குப் பின் 5 நாளுக்குள் அசல் மனு, சார்வுப் பிரமாணம், 20 டாலர் கட்டணத்தோடு ஆல்பனி சட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

ஸ்டே கேட்காமல் மனு போடாதீர்கள், தம்பி. ஸ்டே இல்லையென்றால் போர்டு அடுத்த வாரமே பத்திரம் முடித்துவிடலாம். முடித்துவிட்டால் வழக்கு உயிரற்றதாகிவிடும், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் ஆணையர் கை வைக்க மாட்டார். கிரயம் முடியும் தேதி தெரிந்தால் அதை மனுவின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். உங்கள் வழக்கில் வலு இருக்கிறது, விற்றுவிட்டால் திரும்பப் பெற வழியில்லை என்ற இரண்டையும் தனித் தலைப்பில் காட்டுங்கள். ஸ்டேக்கு எதிர்ப்பு சொல்ல அவர்களுக்கு 3 வேலை நாள்தான்.

கேள்வி – காட்பாடி

ரொம்ப நன்றிங்கண்ணா. போர்டு விலையை மூடிய அறைக்குள்ளேயே பேசி முடிச்சிட்டாங்கன்னு சொல்றாங்க. அதையும் இதே மனுவுல சேர்க்கலாமா?

பதில் – ஆற்காடு

நடந்த அவசரத்துக்குச் சான்றாகச் சொல்லலாம், தனிக் குற்றமாகக் கேட்க முடியாது. திறந்த கூட்டச் சட்டம், ஃபாயில் இரண்டுக்கும் ஆணையருக்கு அதிகாரம் இல்லை. அவை மாநில சுப்ரீம் கோர்ட்டுக்குப் (பேர் அப்படி இருந்தாலும் நியூயார்க்கில் அது முதல் நிலை கோர்ட்தான்) போகும், அரசு அமைப்பின் முடிவை எதிர்க்கும் ஆர்ட்டிகிள் 78 வழக்காக. நிலம் விற்பதை மூடிய அறையில் பேச அனுமதி உண்டு, ஆனால் வெளியே தெரிந்தால் விலை கணிசமாகப் பாதிக்கும் என்ற நிலையில் மட்டும். விலை பாதி ஊருக்குத் தெரிந்த பிறகு கதவை மூடியிருந்தால் அது கேள்விக்குரியது. அந்த வழக்குக்கு வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள். அதே விலைப் பிரச்சினையை முதலில் கோர்ட்டில் போட்டுவிட்டால் பிறகு ஆணையரிடம் வர முடியாது, அதனால் எது எங்கே என்பதை வக்கீலோடு உட்கார்ந்து முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.