நியமகிரி: ஒரு சிறு சமூகம் மறுத்தால் திட்டம் நின்றுவிட வேண்டுமா?

கேள்வி (சங்குப்பூ):

ஒடிசாவின் நியமகிரி மலையில் அலுமினியத்தின் மூலத்தாதுவான பாக்சைட்டை வெட்டும் திட்டத்தை 2013-இல் 12 கிராம சபைகளும் ஒன்றுவிடாமல் நிராகரித்ததைப் பற்றி ஒரு கருத்தரங்குக்காகப் படித்து வருகிறேன். அம்மலையில் வாழும் பழங்குடியினரான டோங்கிரியா கோண்டு மக்கள் ஏறத்தாழ 8,000 பேர்தான். மலையுச்சி அவர்களுடைய தெய்வமான நியமராஜாவின் இருப்பிடம் என்பதால் அங்கே அவர்கள் மரம் வெட்டுவதில்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அடிவாரத்திலுள்ள காளஹண்டி, பசிக்கும் வறட்சிக்கும் பெயர்போன மாவட்டம். நம் வீட்டுப் பாத்திரம் முதல் மின்கம்பி வரை அலுமினியம் இல்லாத இடமில்லை. இந்நிலையில் வழிபாட்டு உரிமையைக் காட்டி ஒரு கனிமத்தையே மண்ணுக்குள் விட்டுவிடுவது நியாயந்தானா?

பதில் 1 (ஆலமர நிழல்):

நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் உங்கள் கேள்வியே சற்று மாறிவிடும். சுரங்கத்திற்கு வன அனுமதி கிடைப்பதற்கு முன்பே மலையடிவாரத்து லாஞ்சிகரில், பாக்சைட்டிலிருந்து அலுமினாவைப் பிரித்தெடுக்கும் ஆலை எழும்பி, 2007-இல் உற்பத்தியையும் தொடங்கிவிட்டது. அடுப்பை மூட்டி உலையை வைத்தாகிவிட்டது, இனி அரிசி தராவிட்டால் எப்படி என்று கேட்பதைப் போன்ற நிலை அது. 2010 ஆகஸ்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சுரங்கத்திற்கு வன அனுமதி மறுத்தது. மாநில அரசின் சுரங்க நிறுவனம் உச்ச நீதிமன்றம் சென்றது. 2013 ஏப்ரல் 18 அன்று வந்த தீர்ப்பு, பலர் எழுதுவதைப் போல, பழங்குடியினருக்குச் சுரங்கங்களைத் தடுக்கும் பொதுவான அதிகாரம் எதையும் வழங்கிவிடவில்லை. சுரங்கத்தால் தங்கள் வழிபாட்டு உரிமையும், 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தரும் பிற உரிமைகளும் பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே ஆராய்ந்து சொல்லட்டும் என்றது. மாவட்ட நீதிபதி நிலையிலுள்ள ஒருவர் பார்வையாளராக அமர்ந்திருக்க, ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது. முதலில் கேட்டிருக்க வேண்டியவர்களைக் கடைசியில் கேட்டார்கள் என்பதுதான் இதில் என்னை உறுத்துவது.

பதில் 2 (செம்பாறை):

மண்ணியல் படித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். ஏற்காட்டு மலையிலும் பாக்சைட் உண்டு. மாணவனாக அங்கே சென்றபோது ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். சிவப்பும் மஞ்சளும் கலந்து, பயறளவு உருண்டைகளை அப்பி வைத்ததைப் போலவும், இடையிடையே துளைகளோடும் இருந்தது. மேலே ஊற்றிய தண்ணீரைச் சிறிது நேரத்தில் உறிஞ்சிக்கொண்டது. இத்தகைய பாறை மலையின் தலையில் தொப்பியைப் போலக் கவிந்திருக்கும்போது, மழைநீரைப் பிடித்து வைத்து மெல்ல மெல்லக் கசியவிடும். கோடையிலும் வற்றாத ஓடைகளுக்கு அக்கசிவும் ஒரு காரணம். ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் வழியாகக் கடல் சேரும் வம்சதாரா ஆற்றுக்கு நீர் தரும் மலைகளுள் நியமகிரியும் ஒன்று. ஆகவே இதை வெறும் வழிபாட்டு உரிமை என்று சுருக்கிவிட வேண்டாம். உச்சியில் கை வைக்காதே என்ற அவர்களின் கட்டுப்பாடு, கீழே இருக்கும் உழவர்களுக்கும் பயன்பட்டு வந்திருக்கிறது.

பதில் 3 (கணக்குப்பிள்ளை):

மேலுள்ள இரண்டு பதில்களையும் மதிக்கிறேன். ஆனாலும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பாக்சைட் கிடைக்காமல் அந்த ஆலை 2012 டிசம்பரில் மூடப்பட்டு, அடுத்த ஆண்டு ஜூலையில்தான் மீண்டும் இயங்கியது. அதற்கிடையே கூலி இழந்தவர்களும் ஏழைகளே. பிறகு கினி நாட்டிலிருந்தெல்லாம் பாக்சைட் இறக்குமதியானது. அங்கேயும் மலை இருக்கும், மனிதர் இருப்பர். நாம் பார்க்காத இடத்தில் வெட்டினால் பாவம் குறைந்துவிடுமா? மறுப்பது மக்களின் உரிமை என்றால், தக்க நிபந்தனையோடு சம்மதிப்பதும் உரிமைதான். அதைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. 1997-இல் சமதா வழக்கில் உச்ச நீதிமன்றம், பழங்குடிப் பகுதிச் சுரங்கங்களின் நிகர லாபத்தில் குறைந்தது 20 சதவீதம் அப்பகுதிக்கே செல்ல வேண்டும் என்று சொன்னது. 2015-இல் வந்த மாவட்டக் கனிம அறக்கட்டளைகளுக்கோ லாபத்தில் பங்கு இல்லை. சுரங்க நிறுவனம் அரசுக்குச் செலுத்தும் ராயல்டியைக் கணக்கிட்டு, குத்தகையின் வகைக்கு ஏற்ப 10 அல்லது 30 சதவீதம் மட்டுமே வருகிறது. இரண்டும் ஒன்றல்ல.

பதில் 1 (ஆலமர நிழல்):

நிபந்தனையோடு சம்மதிக்கலாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் பேரம் பேசுபவருக்கு "வேண்டாம்" என்று எழுந்துபோகும் வாய்ப்பு இருந்தால்தான் அது பேரம். 2022-இல் வந்த வனப் பாதுகாப்பு விதிகளின்படி, மக்களின் வன உரிமைகள் முடிவுசெய்யப்படும் முன்பே, வன நிலத்தைத் திட்டத்துக்குக் கொடுக்க மத்திய அரசு இறுதி ஒப்புதல் தரலாம். உரிமைகளை உறுதிசெய்வது அதன்பின் மாநில அரசின் பொறுப்பு. டெல்லி ஒப்புதல் தந்த பிறகு, அதே திட்டத்துக்காகக் காத்திருக்கும் மாநில அரசு ஊர்க்கூட்டத்தில் எதிர்ப்பைக் கேட்டு நிறுத்திவிடும் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

சங்குப்பூ:

மூவருக்கும் நன்றி. இன்னும் ஓர் ஐயம்: மலையைச் சுற்றிலும் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் இருக்க, 12 ஊர்களை மட்டும் தேர்ந்தெடுத்தவர் யார்?

பதில் 1 (ஆலமர நிழல்):

மாநில அரசுதான். மத்தியப் பழங்குடியினர் விவகார அமைச்சகம் அப்போதே ஆட்சேபித்தது; பட்டியல் மாறவில்லை. அப்படித் தேர்ந்தெடுத்த 12 ஊர்களும்தான் மறுத்தன.