புதுப்பிப்பு: ஊட்டி வாடகை ஸ்கூட்டர் நிறுவனத்தில் பணிநீக்கம், இழப்பீடு கிடைத்தது

வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி. நான் மெக்கானிக்காக இருந்த நிறுவனம் மின்சார ஸ்கூட்டர்களுக்கு மாறியதும், இனி எஞ்சின் வேலை இல்லை என்று எங்கள் நால்வரை முன்னறிவிப்பின்றி நீக்கியதால் யோசனை கேட்டிருந்தேன்.

வக்கீல் நோட்டீசுக்குப் பதிலே இல்லை. தொழிலாளர் அலுவலரிடம் மனு கொடுக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. ஓராண்டு தொடர்ந்து உழைத்தவருக்கு ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் சட்டப்படி உண்டு. மூன்றாண்டுக்கு 45 நாள் ஊதியமும் ஒரு மாதச் சம்பளமும் இரண்டாவது பேச்சுவார்த்தையில் கிடைத்தன. நியமனக் கடிதம் இல்லாத எனக்குச் சம்பளம் வரவான பாஸ்புக் பக்கங்களே சான்றாயின.

எதிர்பாராதது ஒன்று: நண்பர் ஒருவர் படிக்காமல் கையெழுத்திட்ட தாள் ராஜினாமாக் கடிதமாம். அவருக்கு இன்னும் இழுபறி, மனம் ஆறவில்லை. எந்தத் தாளையும் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.