தாத்தா மேளம் கட்டிய வீணை: பிரித்துக் கட்டலாமா, அப்படியே விடலாமா?

கேள்வி (மாட்டுங்கா, மும்பை)

வணக்கம். தாத்தாவின் வீணையை அவர் போனபிறகு வீட்டில் யாரும் தொடவில்லை. இப்போது என் மகள் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள். மேல் ஸ்தாயியில் சுருதி சேரவில்லை, ஒன்றிரண்டு மெட்டு (தந்தியை அழுத்தும் உலோகக் கட்டை) மெழுகை விட்டு ஆடுகிறது. புதிதாக மேளம் கட்டச் சொல்கிறார்கள், அதாவது பழைய மெழுகைப் பிரித்துவிட்டு மெட்டுகளைச் சுருதி பார்த்து மறுபடி மெழுகில் பதிக்க வேண்டுமாம். எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் இது தாத்தா தன் கையால் கட்டிய மேளம்.

தாத்தாவுக்குத் தஞ்சாவூர். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் தச்சு வேலை. பகலெல்லாம் ரயில் பெட்டி. சாயங்காலம் குளித்துக் காபி குடித்துவிட்டு பால்கனியில் உட்கார்ந்தால், அக்கம்பக்கத்து மாமிகள் கொடுத்துவிட்டுப் போன வீணையோ தம்புராவோ மடியில் இருக்கும். கூலி பேசி நான் பார்த்ததே இல்லை.

இரும்புக் கரண்டியில் தேன்மெழுகை உருக்கி, சலித்த கரித்தூளைக் கொட்டிக் கிளறுவார். தண்டியின் (வீணையின் நீண்ட கழுத்து) இரண்டு பக்கமும் அந்த மெழுகை அணைத்து, மெட்டை வைத்து அழுத்தி, முதல் தந்தியான சாரணியை மீட்டித் தலைசாய்த்துக் கேட்பார். நூலளவு நகர்த்துவார். திரும்ப மீட்டுவார். 24 மெட்டுக்கும் இப்படித்தான். அந்த நேரத்தில் வீட்டில் மிக்ஸி ஓடக்கூடாது, பாட்டிகூடக் கூப்பிட மாட்டாள். ஆனால் பேரப்பிள்ளை அழுதால் எழுந்துவிடுவார். கரண்டியில் மெழுகு இறுகினால் இறுகட்டும், குழந்தையைத் தோளில் போட்டுத் தூங்கவைத்த பிறகுதான் மறுபடி அடுப்பைப் பற்றவைப்பார். எங்கள் எல்லோருடைய நடைவண்டியும் அவர் செய்ததுதான்.

1990-ல் தீப்பிடித்த ஷண்முகானந்தா ஹால் 1998-ல் மறுபடி திறந்தபின் எங்களைக் கச்சேரிக்கு அழைத்துப் போனார். "பாட்டு அப்புறம். முதல்ல கண்ணை மூடிண்டு தம்புராவைக் கேளு" என்றார். அந்தக் காது வைத்த இடங்களாயிற்றே இந்த மெட்டுகள்! மெழுகைப் பிரித்துவிட்டால் அதெல்லாம் போய்விடாதா?

பதில் (செம்பூர்)

நான் வீணை சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் தயக்கம் புரிகிறது. ஆனால் மெழுகு நிரந்தரமானது இல்லை. மும்பை மே மாதத்தில் இளகும், தந்தியை அழுத்த அழுத்த மெட்டு கொஞ்சம் கொஞ்சமாக நகரும். தினமும் வாசிக்கிறவர்கள் சில வருடத்துக்கு ஒருமுறை மேளம் கட்டியே ஆகவேண்டும். தாத்தாவும் தன் வீணைக்கு எத்தனையோ தடவை பிரித்துக் கட்டியிருப்பார். இப்போது உங்களுக்குக் கேட்பது அவர் வைத்த சுருதி இல்லை, அதற்கப்புறம் வெயில் நகர்த்தியது. குழந்தை அபசுருதியில் ஆரம்பப் பாடமான சரளி வரிசையைப் பழகினால் காது அதற்கே பழகிவிடும். தாத்தா அதைச் சகித்திருப்பாரா? பலாமரத்தில் விரிசல் இருக்கிறதா என்று குடத்தின் (வீணையின் உருண்டைப் பகுதி) அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். அது இருந்தால்தான் நான் கவலைப்படுவேன்.

பதில் (தாராவி)

எங்க தாத்தா மிருதங்கத்துக்கு வார் பிடிக்கிறவர், அதாவது தோல் வாரை இழுத்துக் கட்டுறவர். தோல் எத்தனை தடவை மாத்தினாலும் கட்டை அதேதான், அதை வச்சுத்தான் "இது இன்னார் மிருதங்கம்"னு சொல்லுவாங்க. அதனால தைரியமா கட்டுங்கக்கா. ஆனா பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நீளக் காகிதத்தைத் தண்டி மேல வச்சு ஒவ்வொரு மெட்டும் இருக்கிற இடத்தைப் பென்சில்ல குறிச்சுக்கோங்க. ஒவ்வொரு மெட்டுலயும் நாலு தந்தியையும் மீட்டிப் பதிவு பண்ணி வைங்க. மெட்டுகளை மட்டும் மாத்த விடாதீங்க, வரிசை கலையாம நம்பர் போட்டு எடுக்கச் சொல்லுங்க. பழைய மெழுகைத் தூக்கிப் போட்டுடாம புது மெழுகோட சேர்த்து உருக்க முடியுமான்னு கட்டுறவர்கிட்ட கேளுங்க.

கேள்வி கேட்டவர்

இரண்டு பேருக்கும் நன்றி. "வெயில் நகர்த்தியது" என்பதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அப்பா இருந்தா இவ்வளவு நாள் விட்டே இருக்க மாட்டார்" என்றாள். கட்டிவிடுகிறோம். குடத்தில் விரிசல் இல்லை, பார்த்துவிட்டேன். யாளி முகத்தில் மட்டும் வண்ணம் உதிர்ந்திருக்கிறது, அதைத் தொடப் போவதில்லை.

இன்னொன்று. தஞ்சாவூருக்கே எடுத்துப் போய்க் கட்டலாம் என்று நினைக்கிறோம். வீணைக்குப் பெட்டி கிடையாது, பழைய பட்டுப்புடவையில் தைத்த உறைதான். ரயிலில் அவ்வளவு தூரம் அப்படிக் கொண்டுபோனவர்கள் இருக்கிறீர்களா? தந்திகளைத் தளர்த்திவிட்டுத்தான் ஏற வேண்டுமா?